ஈறுநோய் மருத்துவம்

ஈறுநோய் மருத்துவம் என்பது பல்லைச் சூழ்ந்து தாங்கும் திசுக்களையும் அவற்றில் தோன்றும் நோய்களையும் ஆராய்ந்து, அந்நோய்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் முயலும் பல் மருத்துவப் பிரிவு ஆகும். இது பல்சூழ் திசு மருத்துவம் எனவும் வழங்கப்படுகிறது. இத்துறையில் முதுநிலைப் பயிற்சி பெற்றவர் ஈறுநோய் வல்லுநர் எனப்படுகிறார். உலகச் சுகாதார அமைப்பு 2022 இல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, உலகில் சுமார் 100 கோடிப் பேர் கடுமையான ஈறுநோய்க்கு ஆளாகியுள்ளனர்.

சிகிச்சை அளிக்கப்படாத ஈறுநோய் மனிதரில் எவ்வாறு முற்றுகிறது என்பதற்கு இத்துறை இன்றும் சான்றாகக் கொள்ளும் நெடுங்கால ஆய்வு, இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் செய்யப்பட்டது. மலையகத் தமிழரின் முன்னோர் பலர் இராமநாதபுரம் கடற்கரையின் மண்டபம், தனுக்கோடி வழியாகக் கடல் கடந்தவர்கள் ஆவர்.

பல்லைத் தாங்கும் திசுக்கள்

பல், தாடை எலும்பில் நேரடியாக ஊன்றப்பட்டிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே நுண்ணிய நார்களாலான மெல்லிய இணைப்புத் திசு உள்ளது. உணவை மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தை இந்நார்கள் தாங்குகின்றன. நார்களின் ஒரு முனை வேரைப் போர்த்தியுள்ள கடினப் படலத்திலும், மறுமுனை பற்குழி எலும்பிலும் பதிந்திருக்கும். இவற்றுக்கு மேலே ஈறு மூடியாக அமைகிறது. ஈறு, இணைப்பு நார், வேர்ப்படலம், பற்குழி எலும்பு ஆகிய நான்கும் சேர்ந்தே பல்சூழ் திசுக்கள் எனப்படும்.

ஈற்றின் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையே ஓர் ஆழமற்ற பள்ளம் இயல்பாகவே உண்டு. நலமான வாயில் இதன் ஆழம் பொதுவாக 1 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். நோயுற்ற நிலையில் நார்கள் அழிந்து இப்பள்ளம் ஆழமாகும்போது அது ஈறுப்பை எனப்படுகிறது. நார்கள் பல்லைப் பற்றியிருக்கும் இடம் வேரின் நுனியை நோக்கி எவ்வளவு கீழிறங்கியுள்ளது என்பதே இணைப்பிழப்பு ஆகும். இதுவும் மி.மீ. அளவில் குறிக்கப்படுகிறது. ஈறுநோயின் கடுமையை அறிய வல்லுநர் பயன்படுத்தும் முதன்மை அளவு இதுவாகும்.

நோய் உருவாகும் விதம்

துலக்கிய சிறிது நேரத்திலேயே பல்லின் மேல் நுண்ணுயிர்கள் ஒட்டத் தொடங்குகின்றன. நீக்கப்படாவிட்டால் அவை பெருகி, ஒட்டும் தன்மையுள்ள படலமாகின்றன. இப்படலம் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்பு உப்புகளால் கெட்டிப்படும்போது காரை உண்டாகிறது. காரையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. ஆகையால் அதன்மேல் புதிய படலம் எளிதில் படிகிறது. கெட்டிப்பட்ட காரையைத் தூரிகையால் அகற்ற இயலாது.

நுண்ணுயிர்ப் படலம் தேங்கினால் ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் குருதி கசியும். இது ஈறழற்சி எனப்படும். இந்நிலையில் எலும்புக்குச் சேதம் ஏதுமில்லை. நோர்வே நாட்டு ஆய்வாளர் ஹரால்டு லோவும் உடனாய்வாளர்களும் 1965 இல் வெளியிட்ட சோதனை இதனை ஐயமின்றி நிறுவியது. நலமான ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தியபோது, 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலையை அடைந்தன.

அழற்சி ஆழப்பரவி இணைப்பு நார்களையும் எலும்பையும் அழிக்கும் நிலை பல்சூழ் அழற்சி ஆகும். போர்பைரோமோனசு சிஞ்சிவாலிசு போன்ற நுண்ணுயிர்கள் இதில் பங்கு கொள்கின்றன. எனினும் அழிவின் பெரும்பகுதி, நுண்ணுயிர்களை எதிர்த்து உடல் நிகழ்த்தும் நோயெதிர்ப்பு வினையாலேயே ஏற்படுகிறது. ஈறழற்சியை முழுமையாகக் குணப்படுத்தலாம். பல்சூழ் அழற்சியில் இழந்த எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்புவதில்லை. இந்நோயில் வலி மிகக் குறைவு. பல் ஆடத் தொடங்கிய பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர்.

ஈறழற்சி எல்லோருக்கும் பல்சூழ் அழற்சியாக மாறுமா, மாறுமெனில் எவ்வளவு விரைவில் மாறும் என்னும் வினாக்களுக்கு 1965 ஆம் ஆண்டுச் சோதனை விடை தரவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் நீடிக்கும் ஆய்வு தேவைப்பட்டது.

தேயிலைத் தொழிலாளர் ஆய்வு

மண்டபம் வழியும் மலையகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதலே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, சேலம் முதலிய மாவட்டங்களின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தோர் இவர்களுள் மிகுதி. 1914 இல் பாம்பன் தொடர்வண்டிப் பாலமும், தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பல் சேவையும் தொடங்கிய பின் இக்கடற்கரை முதன்மை வழியாயிற்று. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தொழிலாளர்கள் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்கும் அம்மை குத்தலுக்கும் உட்படுத்தப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். தொற்றுநோய் இலங்கைக்குள் நுழையாமல் தடுப்பதே அச்சோதனையின் நோக்கமாகும்.

ஆய்வின் அமைப்பு

ஹரால்டு லோவும் அவருடைய குழுவினரும் ஒரே நோயை இரு வேறு மக்களிடையே ஒப்பிட்டனர். ஒரு பிரிவினர் நோர்வேயின் ஓசுலோ நகரைச் சேர்ந்த 565 மாணவர்களும் கல்வியாளர்களும் ஆவர். சிறுவயது முதலே முறையான பல் மருத்துவம் பெற்ற இவர்களிடம் 1969 இல் ஆய்வு தொடங்கியது. மற்றொரு பிரிவினர் இலங்கையின் பூண்டுலோயா பகுதியிலுள்ள டன்சினேன், ஹரோ ஆகிய இரு தோட்டங்களின் ஆண் தொழிலாளர்கள் 480 பேர். இவர்கள் 1970 இல் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டனர். அப்போது அனைவரும் பதின்பருவத்தினராகவோ இளைஞராகவோ இருந்தனர். பின்னர் 1985 வரை இடைவெளி விட்டுப் பலமுறை சோதனைகள் நடந்தன.

தொழிலாளர்கள் பொதுவாக நல்ல உடல்நலத்துடன் இருந்ததாகவும், வழக்கமான வாய்த்தூய்மை முறைகளைப் பின்பற்றவில்லை எனவும், எவ்விதப் பல் மருத்துவமும் பெற்றதில்லை எனவும் ஆய்வாளர் பதிவு செய்தனர். ஏறத்தாழ அனைவருடைய பற்களிலும் படலமும் காரையும் மிகுந்திருந்தன. அனைவருக்கும் ஈறழற்சி இருந்தது. ஆயினும் சொத்தைப்பல் அவர்களிடையே இல்லை என்றே கூறலாம். எனவே, விழுந்த பற்கள் ஈறுநோயாலேயே விழுந்தன என உறுதியாகக் கொள்ள முடிந்தது. ஆய்வுக்குத் தனி மதிப்பைத் தந்தது இக்கூறே ஆகும்.

முடிவுகள்

1986 இல் வெளியான கட்டுரை தொழிலாளர்களை மூன்று பிரிவாகப் பகுத்தது.

விரைவாக முற்றியோர் (சுமார் 8 விழுக்காடு): இவர்களுக்கு 20 வயதளவிலேயே பற்கள் விழத் தொடங்கின. 35 வயதில் சராசரி இணைப்பிழப்பு சுமார் 9 மி.மீ. ஆகவும், இழந்த பற்கள் 12 ஆகவும் இருந்தன. 40 வயதில் 20 பற்களும் 45 வயதில் எல்லாப் பற்களும் போயின.

மிதமாக முற்றியோர் (சுமார் 81 விழுக்காடு): 35 வயதில் சராசரி இணைப்பிழப்பு சுமார் 4 மி.மீ. 30 வயதுக்குப் பின்னரே பற்கள் விழத் தொடங்கின. 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர்.

முற்றாதோர் (சுமார் 11 விழுக்காடு): இவர்களுக்கு ஈறழற்சிக்கு அப்பால் நோய் செல்லவில்லை. 35 வயதில் இணைப்பிழப்பு 1 மி.மீ.க்கும் குறைவு. பல்லிழப்பு ஏறக்குறைய இல்லை.

மூன்று பிரிவினரும் ஒரே தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். மூன்று பிரிவினரின் வாயிலும் அழுக்குப் படிவு ஏறத்தாழ ஒத்ததாகவே இருந்தது. ஆகவே, நுண்ணுயிர்ப் படலம் நோய்க்குத் தேவையான காரணம் என்றாலும், நோயின் வேகத்தை அது மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொருவர் உடலின் எதிர்வினையும் பிற காரணிகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பது புலனாயிற்று. 2018 இல் வெளியான அனைத்துலக வகைப்பாடு, பல்சூழ் அழற்சியை அதன் வேகத்தைக் கொண்டு மெதுவானது, மிதமானது, விரைவானது என மூன்று தரங்களாகப் பிரிக்கிறது. தொழிலாளர் ஆய்வு காட்டிய வேறுபாட்டின் சாயலை இதில் காணலாம்.

1985 ஆம் ஆண்டுச் சோதனையின்போது முதற்குழுவில் 161 பேரே எஞ்சியிருந்தனர். ஆய்வு நடைபெற்ற அதே ஆண்டுகளில்தான், 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாத்திரி உடன்படிக்கையின் கீழ் மலையகத் தமிழர் பெருந்தொகையினர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். 1964 டிசம்பர் புயலில் தனுக்கோடி அழிந்துவிட்டதால், கப்பல்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்தன.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்

2010 இல் முதற்குழுவினருள் 75 பேர் மீண்டும் சோதிக்கப்பட்டனர். இதன் முடிவுகள் 2017 இல் வெளியாயின. 40 ஆண்டுகளில் அவர்கள் ஈறுநோயால் இழந்த பற்கள் சராசரியாக 13.1 ஆகும். நால்வர் ஒரு பல்லையும் இழக்கவில்லை. 12 பேருக்கு ஒரு பல்லும் இல்லை. புகைத்தலும் காரையும் நோய் தொடங்குவதோடு தொடர்புடையனவாகவும், காரை, படலம், ஈறழற்சி ஆகியவை நோய் முற்றுவதோடு தொடர்புடையனவாகவும் காணப்பட்டன. 30 வயதில் சராசரி இணைப்பிழப்பு 1.81 மி.மீ.க்குக் குறைவாக இருந்தோர், 60 வயதில் குறைந்தது 20 பற்களுடன் இருக்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. தொடக்கநிலை நோயை 30 வயதுக்குள்ளேயே குணப்படுத்த வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

நன்னெறி வினா

இவ்வாய்வின் நோக்கம் சிகிச்சை பெறாத நோயின் இயல்பான போக்கை அறிவதாகும். ஆனால் படலத்தை நீக்கினால் ஈறழற்சி குணமாகும் என்பது 1965 லேயே அறியப்பட்டிருந்தது. அதை நிறுவியவரும் இதே ஆய்வாளரே. அவ்வாறிருக்க, இளைஞர்கள் பற்களை இழப்பதை ஆண்டுக்கணக்கில் அளந்து கொண்டிருப்பது முறையா என்ற வினா எழுகிறது. மனிதரிடம் செய்யப்படும் ஆய்வுகளை அதனோடு தொடர்பற்ற தனிக்குழு ஒன்று முன்கூட்டியே பரிசீலிக்க வேண்டும் என்னும் விதி, எல்சிங்கி அறிக்கையில் 1975 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போதுதான் சேர்க்கப்பட்டது. இத்தகைய ஆய்வை இன்று தொடங்குவதற்கு அனுமதி கிடைப்பது மிக அரிது. அதனாலேயே இதற்கு மாற்றான தரவுகள் பின்னர் உருவாகவில்லை. பாடநூல்கள் இன்றும் இதே 480 பேரைச் சுட்டுகின்றன.

ஈறுநோய் வல்லுநரின் பணி

சோதனை

மி.மீ. அளவுகள் பொறிக்கப்பட்ட, முனை மழுங்கிய மெல்லிய அளவுகோலை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாகச் செலுத்தி வல்லுநர் ஆழத்தை அளக்கிறார். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடங்கள் என, 32 பற்களுக்கு 192 அளவுகள் பதிவு செய்யப்படும். குருதிக் கசிவு, பல்லின் ஆட்டம், ஈறு இறக்கம் ஆகியவையும் குறிக்கப்படும். எலும்பின் நிலையை ஊடுகதிர்ப் படம் காட்டும். புகைப்போருக்கு ஈற்றில் குருதிக் கசிவு குறைவாக இருப்பதால், நோய் மறைந்திருக்கக்கூடும்.

சிகிச்சைப் படிகள்

ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவக் கூட்டமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் சிகிச்சையை நான்கு படிகளாக வகுக்கிறது.

முதற்படியில் நோயாளிக்குத் துலக்கும் முறையும் பல்லிடுக்குகளைத் தூய்மை செய்யும் முறையும் கற்பிக்கப்படுகின்றன. ஈற்றுக்கு மேலுள்ள காரை நீக்கப்படுகிறது. புகையிலையைக் கைவிடவும், நீரிழிவைக் கட்டுப்படுத்தவும் அறிவுரை வழங்கப்படுகிறது.

இரண்டாம் படியில் ஈறுப்பைக்குள், வேரின் மேல் படிந்துள்ள படலமும் காரையும் அகற்றப்படுகின்றன. இதற்கு மீயொலி அதிர்வுக் கருவிகளும், வளைந்த முனையுடைய கைக்கருவிகளும் பயன்படுகின்றன. தேவையானால் அவ்விடம் மரத்துப்போக ஊசி போடப்படும். பின்னர் சுமார் 6 முதல் 12 வாரங்கள் கழித்து எல்லா அளவுகளும் மீண்டும் எடுக்கப்படும்.

ஆழமான பைகள் எஞ்சியிருந்தால் மூன்றாம் படியாக அறுவை மருத்துவம் செய்யப்படுகிறது. ஈற்றை மடல்போல் விலக்கி, வேரை நேரில் கண்டு தூய்மை செய்து, மீண்டும் தைப்பர். எலும்பில் குறிப்பிட்ட வடிவக் குழிகள் இருப்பின், எலும்புத்துகள் இட்டோ தடுப்புச் சவ்வு வைத்தோ இழந்த திசுவின் ஒரு பகுதியை மீட்க முயல்வர். ஈறு இறங்கி வேர் வெளிப்பட்ட இடங்களில் மேலண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டுவதும் இவ்வல்லுநரின் பணியாகும்.

நான்காம் படி பராமரிப்பு ஆகும். நோயாளியின் நிலைக்கேற்ப 3 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை சோதனையும் தூய்மையும் தொடர வேண்டும். பல்சூழ் அழற்சி வாழ்நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டிய நோய் என்பதால், இப்படி கைவிடப்பட்டால் முன்னைய சிகிச்சையின் பயன் குறைந்துவிடும்.

தவறான கருத்துகள்

காரை எடுத்தால் பல் ஆடும், பல்லிடையே சந்து விழும் என்ற கருத்து தமிழரிடையே பரவலாக உள்ளது. உண்மையில், எலும்பு முன்னரே கரைந்திருக்கும். அவ்விடத்தைக் காரையும் வீங்கிய ஈறும் நிரப்பியிருக்கும். காரை நீங்கி வீக்கம் வடிந்ததும், ஏற்கெனவே இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. சில நாட்களுக்குப் பற்கூச்சம் இருப்பதும் இயல்பே.

ஈற்றில் குருதி வந்தால் அவ்விடத்தைத் துலக்காமல் விட வேண்டும் என்பது மற்றொரு தவறான கருத்தாகும். துலக்காமல் விட்டால் படலம் பெருகிக் கசிவு மிகும். மென்மையான தூரிகையால் தொடர்ந்து துலக்குவதே அழற்சியைத் தணிக்கும்.

நீரிழிவும் புகையிலையும்

நீரிழிவுக்கும் பல்சூழ் அழற்சிக்கும் இடையிலான தொடர்பு இருவழிப்பட்டது. குருதிச் சர்க்கரை கட்டுப்பாடற்று இருந்தால் ஈறுநோய் விரைவாக முற்றும். முற்றிய ஈறுநோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கடினமாக்கும். ஈறுநோய்ச் சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதங்களில் மூன்றுமாதச் சராசரிச் சர்க்கரை அளவு சுமார் 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைவதாக 2022 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. புகைத்தல் நோயை விரைவுபடுத்துவதோடு சிகிச்சையின் பயனையும் குறைக்கிறது. மெல்லும் புகையிலை, அதை ஒதுக்கி வைக்கும் இடத்தில் ஈற்றை இறங்கச் செய்வதுடன் வாய்ப்புற்றுநோய்க்கும் காரணமாகிறது.

கல்வி

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை மருத்துவர் இரபியுதீன் அகமது 1920 இல் கொல்கத்தாவில் தொடங்கினார். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்வி 1953 இல் தொடங்கியது. ஐந்தாண்டு இளநிலைப் பட்டத்திற்குப் பின் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பை முடித்தவரே ஈறுநோய் வல்லுநர் ஆகலாம். காரை நீக்கம் போன்ற அடிப்படைச் சிகிச்சையை எல்லாப் பல் மருத்துவரும் செய்கின்றனர். விரைவாக முற்றும் நோயும், அறுவை தேவைப்படும் நிலைகளும் வல்லுநரிடம் அனுப்பப்படுகின்றன.

இராமநாதபுரம் கடற்கரையில்

இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. முதுநிலைப் பல் மருத்துவப் பயிற்சி நிறுவனங்களை நாடும் நோயாளிகள் பொதுவாக மதுரைக்கோ அதற்கப்பாலோ செல்கின்றனர். இராமேசுவரத்திலிருந்து மதுரை சுமார் 170 கி.மீ. தொலைவிலுள்ளது. ஈறுநோய்ச் சிகிச்சை ஒரே வருகையில் முடிவதன்று என்பதால், நாட்கூலியை இழந்து பலமுறை பயணம் செய்ய வேண்டியிருப்பது இங்குள்ள மீனவர்க்கும் தொழிலாளர்க்கும் பெருந்தடையாகும்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. முதலிரு சிகிச்சைப் படிகளுக்கும் மறுசோதனைக்கும் தேவைப்படும் காலம் இதனோடு ஏறத்தாழ ஒத்திருக்கிறது. ஆகவே, விசைப்படகு மீனவர்கள் கரையிலிருக்கும் இக்காலம் சிகிச்சையைத் தொடங்குவதற்கு ஏற்றதாகும். 2021 ஆகத்து முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுகளிலேயே நீரிழிவு கண்டறியப்படுகிறது. அவ்வாறு நீரிழிவு கண்டறியப்பட்டோர் ஈறுகளையும் சோதித்துக்கொள்வது நலம்.

மண்டபம் முகாமில் 1980களுக்குப் பின் இலங்கைத் தமிழ் ஏதிலியர் தங்கவைக்கப்பட்டனர். முற்காலத்தில் அங்கு நடந்த மருத்துவச் சோதனையில் அம்மையும் வாந்திபேதியும் தேடப்பட்டன. வலியின்றி வளரும் ஈறுநோயைத் தேடுவதற்கு ஓர் அளவுகோலும் சில நிமிடங்களும் போதும். 30 வயதுக்குள் அவ்வளவு எடுக்கப்பட்டால், 60 வயதில் எஞ்சும் பற்களின் எண்ணிக்கையை மாற்ற இயலும் என்பதே தோட்டத் தொழிலாளர்களின் நாற்பதாண்டுப் பதிவு காட்டும் உண்மையாகும்.